புள்ளி ஆறு

பெட்டியில் வரும்போதே இடைவெளி சரியாக இருக்கும் என்று
யாரோ ஃபெர்மினிடம் சொல்லியிருக்கிறார்கள்.
நான் நம்புவதில்லை.
எல் ஆல்ட்டோவில், நாலாயிரத்து நூறு மீட்டரில்,
இந்தத் தகரக் கூரைக்குக் கீழே
எதைக் காற்று என்று சொல்லிக்கொள்கிறோம் என
அந்த அட்டைப்பெட்டிக்கு எப்படித் தெரியும்?

ஃபீலர் கேஜை விசிறியாய் விரித்தேன்.
புள்ளி எட்டு இலை
திறந்த வீட்டில் நாய் போல நுழைந்து வந்தது.
வளைகம்பியை மேசை விளிம்பில் தட்டினேன்,
முட்டையை உடைக்க மனமில்லாதவள் தட்டுவதைப்போல.
பார்த்தேன். இன்னொரு தட்டு.
போச்சு. ஐந்து.

ஸ்க்ரூடிரைவரை நீட்டினான் ஃபெர்மின்: நெம்பு.
நடுமுனையில் ஊன்றி நெம்பினால் பீங்கான் விரியும்.
விரிந்தது இங்கே தெரியாது,
மலையில் தெரியும்.
கேஜின் ஓரத்துக் கொக்கியால்
வளைகம்பியை மட்டும் பிடித்து
மூச்சை அடக்கி
ஒரு மயிரிழை.
புள்ளி ஆறு இலை இப்போது
லேசாக உரசிக்கொண்டு போயிற்று.
அந்த உரசலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நாளைய பாதை கணவாயில் தொடங்குகிறது, பனித்திட்டுகளுக்கு நடுவே.
முடிவது மூவாயிரம் மீட்டர் கீழே,
வாழைத்தார் தொங்கும் புழுக்கத்தில்.
மேலே காற்று மெலிவு, பெட்ரோல் மிகுதி.
எட்டாம் எண் ப்ளக் அங்கே சூடேறாமல்
கரி பூசி, நனைந்து, இருமும்.
ஏழாம் எண் சூட்டை விடாது, கரியைத் தானே எரித்துவிடும்.
ஆனால் கீழே, காற்று கனத்துவிட்ட இடத்தில்,
சேற்று ஏற்றத்தில் த்ராட்டிலை முழுக்கத் திருகும்போது
அதே ஏழு பிஸ்டனின் நெற்றியில் பொத்தல் போடும்.

"ஏழு போடு ஹிலாரியா, மேலேயே முந்திடு."
"கீழே?"
"கீழே கடவுள்."
கடவுளுக்கு என்ன எண் என்று கேட்டேன்.
அவன் செயினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டான்.

ஏழைப் போட்டேன்.
எட்டைக் காலுறையில் சுற்றி
சீட்டுக்கு அடியில் டேப்பால் ஒட்டினேன்.

மூடுபனி தொடங்கும் வளைவில் நிறுத்தினேன்.
யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.
தெலெஸ்ஃபோரோ அருக்கிபா ஹாரன் இல்லாத வண்டியில்
வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.
பதினோரு வண்டிகள். எண்ணாமல் இருந்திருக்கலாம்.
கையுறை தீய்ந்து மணத்தது.
கழற்றிய ப்ளக்கின் முனை வெளிர்ப் பழுப்பு,
பாலில் நனைக்காத பிஸ்கட்.
நின்று பார்க்க நேரமில்லை.
பார்த்தேன்.

புதியதை விரலால் மட்டும் திருகினேன்.
மரை தவறினால் பந்தயமே இல்லை,
விரலோ விறைத்துப்போய் யாருடையதோ போல இருந்தது.
தொட்டு நின்றதும் அரைச் சுற்று ஸ்பேனர்.
நாலு நிமிடம்.
ஃபெர்மினிடம் மூன்று என்று சொன்னேன்.

அருவி சாலையில் விழும் இடத்தில்
அருக்கிபா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்,
வண்டி சாய்ந்து கிடந்தது.
கையில் ப்ளக்கைத் தூக்கிக் காட்டினான்:
முனை வெள்ளை வெளேரென்று,
ஊயுனி உப்புவெளி நண்பகலில் இருப்பதுபோல,
ஓரத்தில் உருகிய அலுமினியத் துளி.
கை அசைக்கவா, தலை குனியவா?
சேறு வந்துவிட்டது, த்ராட்டிலைத் திருகினேன்.

ஒன்பதாவது.
பரிசு எட்டு வரைக்கும்தான்.
ஃபெர்மின் லாரியின் பின்கதவில் சாய்ந்து
வாய்விட்டுச் சிரித்தான், நெடுநேரம், நானும்தான்.
பையில் மறந்து வைத்த ஏழு
சட்டை உட்துணியில் வட்டமாய்ப் பொசுக்கியிருந்தது.

இருட்டிய பிறகு இன்னொருவரின் லாரியில் வந்திறங்கினான் அருக்கிபா.
கோழி சூப்பை ஊதிக்கொண்டே கேட்டான்,
இடைவெளி எவ்வளவு வைத்திருந்தாய்?
பொய் சொல்லலாமா என்று ஒரு கணம்.
அடுத்த மாதமும் இதே மலைதான், இதே அருக்கிபாதான்.
புள்ளி ஆறு என்றேன்.
அதைத் தட்டி வைக்க வேண்டும், நீயே.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.
எதற்கு, என்றான்,
பெட்டியில் வரும்போதே சரியாகத்தானே இருக்கும்.